சொப்பிங் பையும் சட்டமும்: யாழ்ப்பாணத்தில் எந்தக் கதவை எப்படித் தட்டுவது

மெல்லிய பொலித்தீனுக்கு இலங்கையில் தடை வந்தது 2007இல். அதன் பிறகு வர்த்தமானிக்கு மேல் வர்த்தமானி வந்துகொண்டே இருக்கிறது. ஒழுங்கை முடக்கில் கிடக்கும் குப்பை மட்டும் குறையக் காணோம். சட்டம் ஒரே இடத்தில் இல்லாததுதான் சிக்கல். சாப்பாடு சுற்றும் லஞ்ச் சீற் ஒரு அலுவலகத்துக்குரியது, காசு வாங்காமல் கொடுக்கும் சொப்பிங் பை இன்னொன்றுக்குரியது, மதகடியில் கொட்டிய மூட்டை மூன்றாவதற்குரியது. பிழையான கதவைத் தட்டினால் "இது எங்கட வேலை இல்லை" என்ற பதிலோடு முறைப்பாடு அங்கேயே படுத்துவிடும். சனசமூக நிலையம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை, கடற்றொழிலாளர் சங்கம் என்று ஊரில் நாலு பேர் சேர்ந்து இயங்குகிற இடங்களுக்காக, எந்த விடயத்துக்கு எந்தக் கதவு, கையில் என்ன கொண்டு போவது என்பதை இங்கே தருகிறோம்.

எது தடை, எது தடை இல்லை

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம்தான் தாய்ச்சட்டம். அதன் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடும் கட்டளைகளே நாம் "தடை" என்று சொல்பவை.

2017 செப்டெம்பர் 1ஆம் திகதி ஒரே நாளில் 2034/33 முதல் 2034/38 வரை ஆறு வர்த்தமானிகள் வந்தன. இந்த இலக்கங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் தேவைப்படும். 20 மைக்ரோனும் (0.02 மில்லிமீற்றர்) அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன், லஞ்ச் சீற், றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, தட்டு, கப், கரண்டி, அடர்த்தி கூடிய பொலித்தீனில் செய்த பை, பொது நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரம், திறந்த வெளியில் குப்பை எரிப்பது ஆகிய ஆறையும் அவை தடுத்தன. மெல்லிய பொலித்தீனுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதியோடு சில விலக்குகள் உண்டு. தடை வந்தபோது அறிவிக்கப்பட்ட தண்டம் 10,000 ரூபா. இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராம், அதற்குக் குறைந்த சஷே பைக்கற்றுகள் தடை. உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. அதனால் சின்னச் சம்பூ பைக்கற் தடைக்குள் வரும், சின்ன மிளகாய்த்தூள் பைக்கற் வராது. கடைக்காரரோடு வாக்குவாதப்படுமுன் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்ரிக் தண்டுள்ள காது குடையும் பஞ்சுக்குச்சி (மருத்துவப் பாவனை நீங்கலாக), காற்றடைக்கும் பொம்மை (பலூன், பந்து, நீச்சல் சாமான் நீங்கலாக), விவசாய இரசாயனம் அடைக்கும் பெற் (PET), பீவீசி (PVC) கொள்கலன் என்பனவும் அதே நாளில் தடைக்குள் வந்தன. கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் பக்கத் தோட்டக்காரருக்குக் கடைசி விடயம் முக்கியம். பூச்சிமருந்து போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 அல்லது 3 என்று இருந்தால் கேள்வி கேட்கலாம். 1 என்றால் பெற், 3 என்றால் பீவீசி.

2023 ஒக்ரோபர் 1 முதல் உறிஞ்சுகுழல், கலக்கும் குச்சி, ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் தட்டு, கப், கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டி, பிளாஸ்ரிக் பூமாலை, பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு எல்லாம் தடை. யோகட் கப்புக்கு விலக்கு உண்டு, யோகட் கரண்டிக்கு இல்லை. இடியப்பத் தட்டுக்கு வர்த்தமானி போட வேண்டி வந்தது யாழ்ப்பாணத்தாருக்குக் கொஞ்சம் வெட்கந்தான். பனை ஈர்க்கில் தட்டும் பனையோலையில் நீத்துப்பெட்டியும் பின்னத் தெரிந்த ஊர் இது.

கடைசியாக வந்தது 2025 நவம்பர் 1ஆம் திகதியதும், வேறு சட்டத்தின் கீழானதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கடைகள் சொப்பிங் பையை இனிச் சும்மா கொடுக்கக் கூடாது. பையின் விலையைக் கடையில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும், பற்றுச்சீட்டிலும் போட வேண்டும். பை தடை செய்யப்படவில்லை, இலவசம்தான் தடை. 20 மைக்ரோனுக்கு மேல் தடிப்புள்ள, அடர்த்தி குறைந்த பொலித்தீன் பையை விற்பது இன்றும் சட்டபூர்வமானதே. "பொலித்தீன் பை விற்கிறார்" என்று மட்டும் எழுதிக் கொடுத்த முறைப்பாடு நிற்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

20 மைக்ரோனை அளப்பது

கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ 20 மைக்ரோனைச் சொல்ல முடியாது. வீட்டில் அளக்க இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, நிறுத்துப் பார்ப்பது. பையைப் பக்கவாட்டில் வெட்டி ஒற்றைத் தாளாக விரியுங்கள். அடிமட்டம் வைத்து 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சதுரமாக 20 துண்டு வெட்டுங்கள். 30க்கு 45 அளவுள்ள ஒரு பையிலிருந்து கைபிடியையும் மடிப்பையும் கழித்து இருபது துண்டு எடுப்பது கொஞ்சம் இறுக்கம், ஆகவே ஒரே கட்டிலிருந்து இரண்டு பை எடுங்கள். எழுத்து அச்சடித்த பகுதியையும் ஒட்டுக்கோடு உள்ள பகுதியையும் தவிர்த்துவிடுங்கள். இருபதையும் சேர்த்து நிறுங்கள். மொத்தப் பரப்பு 2000 சதுர சென்ரிமீற்றர். சரியாக 20 மைக்ரோன் என்றால் அடர்த்தி குறைந்த பொலித்தீன் சுமார் 3.7 கிராமும் அடர்த்தி கூடியது 3.8 கிராமும் நிற்கும். 3.5 கிராமுக்குக் கீழே வந்தால் துணிந்து எழுதலாம். 3.5க்கும் 3.9க்கும் இடையில் நின்றால் அதை வைத்து முறைப்பாடு செய்யாதீர்கள், வெட்டுப்பிழையே அவ்வளவு வரும்.

சமையலறைத் தராசு ஒரு கிராம் படியில் காட்டுவதால் இதற்கு உதவாது. 0.1 கிராமாவது காட்ட வேண்டும். கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தராசு 0.01 கிராம் காட்டும். தெரிந்த கடைக்காரர் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

அடிக்கடி விடும் பிழை ஒன்று உண்டு. பையை விரிக்காமல் அப்படியே வைத்துச் சதுரம் வெட்டுவது. இரண்டு தாள் ஒட்டியபடி வெட்டுப்பட்டு 20 என்று எண்ணியது 40 ஆகிவிடும், மெல்லிய பையும் தடித்ததாகத் தெரியும். ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியால் உரசிப் பிரித்துப் பாருங்கள். மலிவான பைகளில் சுண்ணாம்புத் தூள் கலப்பதும் உண்டு. அது நிறையைக் கூட்டும், ஆதலால் அசல் தடிப்பு நீங்கள் கணித்ததிலும் குறைவாக இருக்கும். அந்தப் பிழை கடைக்காரர் பக்கம் சாய்வது, உங்களுக்கு நட்டமில்லை.

இரண்டாவது வழி, பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சி. அது 0.01 மில்லிமீற்றர், அதாவது 10 மைக்ரோன் படியில்தான் வாசிக்கும். ஒற்றைத் தாளை வைத்தால் 1 அல்லது 2 என்று காட்டும், அதில் எதுவும் புரியாது. இருபது தாளை அடுக்கி, இடையில் காற்று நிற்காமல் புத்தகத்துக்குள் வைத்து அமுக்கிய பின் அளவுங்கள். 0.40 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பை 20 மைக்ரோனுக்குக் கீழே. உயர்தர பௌதிகவியல் மாணவர்களிடம் கொடுத்தால் வலு சந்தோசமாகச் செய்து தருவார்கள்.

பை எந்த வகை என்பதற்குக் கருவி வேண்டாம். கையில் கசக்கும்போது சரசரவென்று பேப்பர் போலச் சத்தம் போட்டு, இழுத்தால் அதிகம் நீளாமல் ஒரு பக்கமாகக் கிழிந்தால் அது அடர்த்தி கூடியது. அந்த வகையில் செய்த பைதான் 2017இல் தடைப்பட்டது. சத்தமில்லாமல் மெழுகு போலிருந்து, இழுக்க இழுக்க நீண்டால் அடர்த்தி குறைந்தது. சிலர் நெருப்பு வைத்து மணந்து பார்க்கிறார்கள். அது வேண்டாம், எரிப்பதைத் தடுக்கப் போகிறவர் எரித்துப் பார்ப்பது பொருத்தமாயும் இல்லை.

உங்கள் அளவு நீதிமன்றச் சான்று ஆகாது. அதிகாரி தன் பங்குக்கு மாதிரி எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் வழக்கு. ஆனாலும் "மெல்லிசாக இருக்கிறது" என்று எழுதும் கடிதத்துக்கும் "20 துண்டு, 2000 சதுர சென்ரிமீற்றர், நிறை 2.6 கிராம்" என்று எழுதும் கடிதத்துக்கும் கிடைக்கிற மரியாதை வேறு. வெட்டிய துண்டுகளை ஒரு கடித உறைக்குள் போட்டு, பை வாங்கிய திகதியை மேலே எழுதி, பற்றுச்சீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கதவு

தடைசெய்த பொருளை விற்பது, உற்பத்தி செய்வது, களஞ்சியத்தில் வைத்திருப்பது எல்லாம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பொறுப்பு. தொலைபேசி 1981. யாழ்ப்பாணத்தில் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தர் இருப்பார், முதலில் அவரைச் சந்திப்பது இலகு. கடைக்கு எப்போது போனால் பொருள் வெளியில் தெரியும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குப் பரிசோதனைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டத் தொடங்காத கடையில் லஞ்ச் சீற்றைத் தேடிப் பயனில்லை.

சாப்பாட்டுக்கடை சம்பந்தப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவர் அந்தக் கடைக்கு எப்படியும் போகிறவர்.

சொப்பிங் பையைச் சும்மா கொடுப்பது, விலை எழுதாமல் விடுவது, பற்றுச்சீட்டில் போடாமல் காசு எடுப்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உரியவை. தொலைபேசி 1977. பற்றுச்சீட்டு இல்லாமல் இங்கே போக வேண்டாம். பையின் விலை அதில் இல்லை என்பதைக் காட்டப் பற்றுச்சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

வீதியோரம், வெற்று வளவு, வெள்ளவாய்க்காலில் குப்பை கொட்டினால் முதலில் உள்ளூராட்சி மன்றம். யாழ் மாவட்டத்தில் மாநகரசபை ஒன்று, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என மூன்று நகரசபைகள், 13 பிரதேச சபைகள், மொத்தம் 17. எல்லை எது என்று தெரியாமல் எழுதினால் ஒரு சபை மற்றதைக் கைகாட்டும். நல்லூர் என்ற பெயரில் பிரதேச சபை இருந்தாலும் நல்லூர்க் கோயிலடி மாநகரசபைக்குள். இப்படி எல்லை பின்னிக்கிடக்கும் இடங்களில் கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தைக் கடிதத்தில் எழுதுங்கள், அதை வைத்து ஒருவரும் மறுக்க முடியாது.

குப்பையை அகற்றுவது சபை மனமிரங்கிச் செய்கிற உபகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். பிரதேச சபைகள் சட்டத்தின் 93 முதல் 95 வரையான பிரிவுகளும், நகரசபைகள் கட்டளைச்சட்டத்தின் 118 முதல் 120 வரையானவையும், மாநகரசபைகள் கட்டளைச்சட்டத்தின் 129 முதல் 131 வரையானவையும் அதைக் கடமையாகவே சொல்கின்றன. உங்கள் சபைக்குரிய பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தனியார் வளவில் குவியும் குப்பைக்குச் சபை "உறுதிக்காரர் வெளிநாட்டில்" என்று கைவிரிப்பது யாழ்ப்பாணத்துக்கே உரிய சங்கடம். அங்கே இரண்டு வழி இருக்கிறது. கப், போத்தல், ரயர் என்று தண்ணீர் தேங்கும் சாமான் கிடந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் வளவின் சொந்தக்காரரையும் அதில் இருப்பவரையும் பொறுப்பாக்குகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். மாரிக்கு முன், புரட்டாதியிலேயே கொடுத்தால் நடவடிக்கை வேகமாக இருக்கும், ஏனெனில் டெங்கு ஒழிப்புக்கு அவர்கள் ஆயத்தமாகும் நேரம் அது. மற்ற வழி, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். பொலிஸ் மூலம் போவதே வழக்கம்.

கரையோரத்திலும் கடலிலும் கொட்டினால் கடல்சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு எழுதலாம், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடையது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் எரிந்து மூழ்கியபோது கரையெங்கும் ஒதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளால் இந்த அதிகாரசபையின் பெயர் பலருக்குப் பழக்கமாயிருக்கும். கரையில் நாளாந்தம் சேரும் போத்தலையும் பையையும் அள்ளுவது என்னவோ சபையின் வேலைதான்.

முறைப்பாட்டுக் கடிதம்

தொலைபேசி முறைப்பாடு தொடங்குவதற்கு மட்டும் போதும். அது கோப்பாக மாற வேண்டுமானால் கடிதம் வேண்டும். தமிழில் எழுதுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கில் தமிழ் நிருவாக மொழி, தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

"மேற்படி கிராம அலுவலர் பிரிவில், சந்தைக்கு எதிரேயுள்ள கடையில், மார்ச் 3, 5, 9 ஆகிய மூன்று நாட்களும் மத்தியானம் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் சாப்பாடு லஞ்ச் சீற்றில் சுற்றி விற்கப்பட்டது. 5ஆம் திகதி வாங்கிய பற்றுச்சீட்டும் கழுவி உலர்த்திய சீற்றும் இணைக்கப்பட்டுள்ளன. இது 2017.09.01ஆம் திகதி வர்த்தமானிக் கட்டளைக்கு முரணானது. தாங்கள் எடுக்கும் நடவடிக்கையை எழுத்தில் அறியத் தருமாறு வேண்டுகிறோம்."

ஒரு நாளில்லாமல் மூன்று நாள் என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் என்றால் "அன்றைக்கு வாழையிலை தட்டுப்பாடு" என்று சொல்லித் தப்பிவிடலாம். சீற்றைக் கழுவி உலர்த்தச் சொல்வதும் காரணத்தோடுதான். குழம்பு காய்ந்த சீற் உறைக்குள் இரண்டு நாளில் நாறத் தொடங்கும், கோப்பில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். கடைக்காரரின் குணம், குடும்பம், பழைய கோபதாபம் எதையும் எழுதாதீர்கள். அப்படி ஒரு வரி இருந்தாலே இது அயலவர் சண்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒருவர் தனியே எழுதுவதைக் காட்டிலும் சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில், தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு அனுப்புவது நல்லது. கடைக்காரரும் பழி சொல்ல ஒரு முகம் இராது.

பதிவுத்தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒன்றாகியும் பதில் இல்லையென்றால் திரும்பத் திரும்ப நினைவூட்டல் எழுதி மினக்கெடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் போடுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் ஆகாது. "எமது இன்ன திகதிக் கடிதத்தின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி", "கடந்த 12 மாதத்தில் இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் செய்த பொலித்தீன் பரிசோதனைகளின் திகதிகளும், தாக்கல் செய்த வழக்குகளின் எண்ணிக்கையும்" என்று கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இல்லையென்றால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அனேகமாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்த கிழமையே பழைய கடிதத்தைத் தேடி எடுப்பார்கள்.

முற்றம் கூட்டி எரிப்பது

இது கடைக்காரரை விட்டு நம்முடைய படலைக்குள்ளேயே வருகிற விடயம். பின்னேரம் முற்றம் கூட்டி, சருகோடு பால்மாப் பைக்கற்றையும் சேர்த்து வேலியோரம் கொளுத்துவது ஊர் வழக்கம். 2017 கட்டளை குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதையே தடுக்கிறது, பிளாஸ்ரிக் அதற்குள் அடக்கம். பீவீசி குழாய்த் துண்டும் வயர் உறையும் எரிந்தால் ஐதரோகுளோரிக் அமில வாயுவும் டயொக்சினும் வரும். சாம்பலை வாழைக்கும் முருங்கைக்கும் போடுகிறோம். அடியில் இருப்பது வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல், மேலே மண் மெல்லிய படைதான், பக்கத்தில் கிணறு. மேலே விடுவது கீழே போய்ச் சேர இங்கே அதிக காலம் எடுக்காது. பாழ்கிணற்றில் குப்பை கொட்டி மூடுவது எரிப்பதைவிடவும் மோசம், அது நேரே நிலத்தடி நீருக்குள் கொடுப்பது.

அயலில் எரிப்பவருக்கு எடுத்த எடுப்பில் முறைப்பாடு வேண்டாம். பத்து வீட்டுக்கு ஒரு உரப்பை திட்டம் முதலில் செய்து பாருங்கள். 50 கிலோ அரிசிப் பை ஒன்று, கழுவி உலர்த்திய மெல்லிய பிளாஸ்ரிக்குக்கு. மற்றொன்று போத்தலுக்கு. போத்தலை மூடி கழற்றி மிதித்துத் தட்டையாக்கிப் போட்டால் ஒரு பையில் ஏறக்குறைய மூன்று மடங்கு கொள்ளும். சபை உழவு இயந்திரம் வரும் நாளில் சந்திக்குக் கொண்டுவருவது யார் என்று பெயர் குறித்துப் போடாவிட்டால் இரண்டாம் கிழமையே திட்டம் படுத்துவிடும். கழுவாத மீன்பையும் பால்பைக்கற்றும் உள்ளே போனால் எலியும் நாயும் பையைக் கிழிக்கும், அதோடு ஆட்கள் வெறுத்துவிடுவார்கள். திட்டம் தோற்பதற்கு மிகப் பொதுவான காரணம் இந்தக் கழுவாத பைதான்.

ஒருவர் வியாபாரக் கழிவைத் தொடர்ந்து எரித்தால் நிலை வேறு. திகதி, நேரம், இடம் தெரியும் படம், புகை வீசும் திசையில் என்ன இருக்கிறது (பாடசாலையா, கிணறா) என்று ஐந்து தடவை குறித்து, சுற்றாடல் அதிகாரசபைக்கும் பொலிஸுக்கும் கொடுங்கள்.

சபையில் உபவிதி: தீர்மானம் மட்டும் போதாது

பல சபைகள் "எமது எல்லைக்குள் பிளாஸ்ரிக் தடை" என்று தீர்மானம் நிறைவேற்றிப் பதாகையும் கட்டுகின்றன. தீர்மானத்தை வைத்து ஒருவருக்கும் தண்டம் போட முடியாது. அதற்கு உபவிதி, அதாவது சபை தன் எல்லைக்குள் ஆக்கும் சட்டவிதி, வேண்டும். பிரதேச சபைகள் சட்டத்தின் 122ஆம் பிரிவு உபவிதி ஆக்கும் அதிகாரத்தைத் தருகிறது. 123ஆம் பிரிவின்படி அமைச்சரின் (இப்போது மாகாண அமைச்சரின்) அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வரும்வரை அதற்கு உயிரில்லை. மாகாணசபை இயங்காத காலத்தில் அந்த அங்கீகாரத்துக்கு ஆளுநரிடம் போக வேண்டும். உள்ளூராட்சித் திணைக்களம் வழியாகக் கோப்பு நகரும். மாதக்கணக்கில் எடுக்கும் வேலை.

வரைவு திரும்பி வருவதற்குக் காரணங்கள் ஒரே மாதிரித்தான் இருக்கும். "பிளாஸ்ரிக்" என்றால் என்ன என்று வரைவிலக்கணம் இல்லாதது ஒன்று. வரைவிலக்கணம் இல்லாவிட்டால் தண்ணீர்த்தாங்கியும் கதிரையும் தடைக்குள் வந்துவிடும். யார் பரிசோதிப்பது என்ற பதவிப்பெயர் இல்லாதது இன்னொன்று. தாய்ச்சட்டம் அனுமதிக்கும் தொகைக்கு மேலே தண்டம் எழுதுவதும், தேசியக் கட்டளை விலக்களித்த பொருளைக் காரணம் சொல்லாமல் தடுப்பதும் அடுத்தவை. பக்கத்துச் சபையின் வர்த்தமானியில் வந்த உபவிதியை எடுத்து, 1952ஆம் ஆண்டின் நியம உபவிதிகள் சட்டத்தின் கீழ் ஏற்றுக்கொள்ளத்தக்க மாதிரி ஏதும் உண்டா என்று செயலாளரிடம் கேட்டுவிட்டு எழுதத் தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

உபவிதி வருமட்டும் கைகட்டி இருக்கத் தேவையில்லை. சபைக்குச் சொந்தமான சந்தை, கடைத்தொகுதி, மண்டபம், மைதானம் எல்லாவற்றிலும் சபை வீட்டுக்காரர், வியாபாரி வாடகைக்காரர். குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: "தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தடைசெய்த பொருட்களை விற்கவோ பாவிக்கவோ கூடாது. மீறினால் வைப்புப்பணத்திலிருந்து இவ்வளவு கழிக்கப்படும்." ஆளுநரின் ஒப்பம் தேவையில்லை, அடுத்த கேள்விப்பத்திரம் கோரும் நாளிலேயே சேர்க்கலாம். திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் போன்ற சந்தைகளில் ஒரு நாளில் கைமாறும் பையின் தொகையை நினைத்தால், எங்கள் பார்வையில் உபவிதியிலும் இந்த ஒற்றை நிபந்தனை பெரியது. வட்டார உறுப்பினரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். சந்தைக் குத்தகை அடுத்த வருடத்துக்குப் போவதற்கு முன், ஐப்பசிக்குள் கேளுங்கள். கேள்விப்பத்திர நிபந்தனைகள் அச்சானபின் கேட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

திருவிழாவும் கலியாணமும்

பொலித்தீன் அலங்காரத் தடை சமய, சமூக, அரசியல் நிகழ்வு எல்லாவற்றுக்கும் பொருந்தும். சோடனைக்காரருக்குக் கொடுக்கும் முற்பணச் சீட்டிலேயே "துணி, கடதாசி, தென்னோலை மட்டும்" என்று எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் கொடியேற்றத்துக்கு முதல்நாள் இரவு மினுங்கல் பொலித்தீன்தான் வரும், அப்போது கழற்றச் சொல்ல நேரம் இராது.

தாகசாந்திப் பந்தலில் பிளாஸ்ரிக் கப் 2023இலிருந்து தடை. கடதாசிக் கப் வைப்பவர்கள் அதன் உட்புறத்தில் பொலித்தீன் பூச்சு இருப்பதை மறந்துவிடுகிறார்கள், அது மக்காது. அதைவிட, வீடுகளில் தூங்கும் மூக்குப்பேணிகளை வெளியே எடுக்கலாம். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கவென்றே செய்த பாத்திரம், ஒவ்வொருவருக்கும் கழுவ வேண்டியதில்லை. பேணிக்கு மூக்கு வைத்த ஆட்கள் விசயம் தெரிந்தவர்கள்.

ஐந்நூறு பேர் சாப்பிடும் கலியாணத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்காமல் சமாளிக்கலாம். ஆளுக்கு முக்கால் லீற்றர் என்று கணக்கிட்டால் 375 லீற்றர், 20 லீற்றர் கொள்கலன் 19 வேண்டும். ஒன்று கூட எடுத்து இருபதாக வையுங்கள். மூன்று பந்தி என்றால் பந்திக்கு 170 பேர். 200 எவர்சில்வர் கப் போதும், முதற்பந்தியினது இரண்டாம் பந்திக்குள் கழுவி வர வேண்டும். அதற்கு இரண்டு பேரும் மூன்று தொட்டியும் தேவை: சவர்க்காரத் தண்ணீர், அலசும் தண்ணீர், கடைசியாகக் கொதிநீர். கழுவுபவரை ஒழுங்கு செய்யாமல் கப்பை மட்டும் வாடகைக்கு எடுப்பதுதான் வழமையான பிழை. இரண்டாம் பந்திக்குக் கப் இல்லை என்றதும் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பிளாஸ்ரிக் கப் கட்டு வாங்கி வந்துவிடுவார். வாழையிலையை இரண்டு நாள் முன்னரே சொல்லி வையுங்கள், முகூர்த்த நாளில் மண்டபம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் இலை தேவைப்படும். ஐஸ்கிறீம் கரண்டியை மறக்க வேண்டாம். கடையில் கட்டளை கொடுக்கும்போதே மரக்கரண்டி என்று சொல்லாவிட்டால், பெட்டியோடு பிளாஸ்ரிக் கரண்டிக் கட்டும் வந்து இறங்கும்.